படகு மோட்டாருக்கு ஏற்ற விசிறி: புரியிடைத் தூரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு நகருக்கும் மோட்டார்ப் படகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. நாட்டின் மீன்பிடித் துறைமுகங்களுக்கான ஆய்வுகளை நடத்தித் திட்ட அறிக்கைகளைத் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனம் 1968-இல் தொடங்கப்பெற்றது இந்நகரில்தான். கடலைக் காணாத ஊரிலிருந்து கடற்கரை முழுவதற்கும் துறைமுகம் வரையப்படுவது சற்று வேடிக்கையான செய்தியே. மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடமும் இங்கு, அல்சூர் ஏரியை ஒட்டி அமைந்துள்ளது. 'தம்பிகள்' என்ற தமிழ்ப் பெயராலேயே இராணுவத்தில் அறியப்பெறும் இப்பிரிவினருக்கு ஆற்றைக் கடத்தலும் படகைச் செலுத்தலும் அன்றாடத் தொழிலின் பகுதிகள்.

இவை ஒருபுறமிருக்க, 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் நகரின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில் ஏரிகள் நிரம்பிக் குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்தது. வீடுகளில் சிக்கியவர்களை மீட்புப் படகுகளும் டிராக்டர்களும் வெளியே கொண்டுவந்தன. மேட்டுநில நகரமொன்றின் நிருவாகத்திற்கும் படகு தேவைப்படும் என்பதை அந்நாட்கள் மெய்ப்பித்தன. மாவட்ட நிருவாகங்களும் தீயணைப்புத் துறையும் பேரிடர் மீட்புப் படையினரும் வாங்கும் படகுகளில் பெரும்பாலானவை பின்பலகையில் மாட்டப்படும் வெளிப்பொருத்து மோட்டாரால் இயங்குபவை. அம்மோட்டாரை வாங்கும்பொழுது குதிரைத்திறன் எவ்வளவு என்ற வினா தவறாமல் எழுகிறது. அத்திறனை நீருக்குள் கொண்டு சேர்க்கும் விசிறி எத்தகையது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. பின்னதற்கு விடை காணாதவரை முன்னதற்குச் செலவிட்ட பணம் முழுப்பயன் தராது.

விசிறியின் இரண்டு எண்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையாண்டவர்கள் புரியிடைத் தூரம் என்ற சொல்லை அறிவார்கள். திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்பொழுது முன்னேறும் தொலைவே அது. புரொப்பெல்லர் எனப்படும் உந்துவிசிறியும் ஒருவகைத் திருகே. அது நீர் என்னும் இளகிய பொருளில் தன்னைத் திருகிக்கொண்டு முன்னேறுகிறது. அதன் இலைகள் எவ்வளவு சாய்ந்துள்ளனவோ அதற்கேற்ப ஒரு சுற்றில் அது கடக்கவேண்டிய தொலைவு அமைகிறது. இதுவே விசிறியின் புரியிடைத் தூரம். தொழிலில் 'பிட்ச்' என்று வழங்குகிறது.

விசிறியின் குமிழில் பொதுவாக இரண்டு எண்கள் அங்குலக் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். 10 x 12 என்றிருந்தால் முதல் எண் விட்டம். இரண்டாவது எண் புரியிடைத் தூரம். ஒரு குறிப்பிட்ட மோட்டாருக்கு விட்டத்தை உற்பத்தியாளரே பெரும்பாலும் வரையறுத்துவிடுகிறார். ஏனெனில் மோட்டாரின் அடிப்பகுதியில் விசிறி சுழல்வதற்குள்ள இடம் குறைவு. பயனாளரின் தேர்வுக்கு எஞ்சுவது புரியிடைத் தூரமே.

12 அங்குலம் என்பது 30.48 சென்டிமீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 முறை சுழல்கிறது என்றும், பற்சக்கர அமைப்பு அதை இரண்டில் ஒன்றாகக் குறைத்து விசிறிக்குத் தருகிறது என்றும் கொள்வோம். விசிறி 2,500 முறை சுழலும். நீர் மரக்கட்டையைப் போன்று உறுதியாக நின்றிருந்தால் படகு நிமிடத்திற்கு 762 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றிருக்கும். நீர் அவ்வாறு நிற்பதில்லை, பின்னோக்கி விலகுகிறது. எனவே உண்மை வேகம் குறைவாகவே இருக்கும். கணக்கிட்ட வேகத்திற்கும் உண்மை வேகத்திற்கும் உள்ள இடைவெளியே வழுக்கல் எனப்படும். இலேசான படகு நீர்மட்டத்தின்மேல் எழுந்து சறுக்கிச் செல்லும்பொழுது வழுக்கல் 20 சதவீத அளவில் இருக்கலாம். பளு மிகுந்து நீரைப் பிளந்துகொண்டு மெல்லச் செல்லும் படகில் அது பாதிக்கு மேலும் போகும். வழுக்கல் முற்றிலும் ஒழியவேண்டும் என்று கருதுவதும் தவறு. நீரைப் பின்னே தள்ளினால்தான் படகு முன்னே செல்லும். தள்ளப்பட்ட நீரின் கணக்கே வழுக்கல்.

மலையேறும் லாரியின் கியர்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூருப் பக்கம் சரக்கேற்றிச் செல்லும் லாரி திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடக்கவேண்டும். ஓட்டுநர் அங்கு மேல் கியரில் வண்டியை வைத்திருப்பதில்லை. வைத்தால் எஞ்சின் திணறும், சூடேறும், இறுதியில் நின்றுவிடும். கீழ்க் கியரில் எஞ்சின் தனக்குரிய சுழற்சியில் தளராது இயங்க, வண்டி மெதுவாயினும் உறுதியாய் ஏறுகிறது.

படகின் விசிறியில் புரியிடைத் தூரம் மிகுதியாயின் அது மேல் கியரை ஒக்கும். குறைவாயின் கீழ்க் கியரை ஒக்கும். வேறுபாடு ஒன்றே. லாரிக்குப் பல கியர்கள் உண்டு. வெளிப்பொருத்து மோட்டாருக்கு முன்னோக்கிச் செல்ல உள்ளது ஒரே கியர். அதைத் தீர்மானிப்பது கரையில் மாட்டிய விசிறி. பறக்கும்பொழுதே இலைகளின் சாய்வை மாற்றிக்கொள்ளும் விசிறிகள் வானூர்திகளில் உள்ளன, பெருங்கப்பல்களிலும் உள்ளன. சிறு மோட்டாரில் அவ்வசதி கிடையாது. எனவே எந்தப் பணிக்காகப் படகு நீரில் இறங்குகிறதோ அப்பணியை முன்கூட்டியே எண்ணி விசிறியை மாட்டவேண்டியதாகிறது.

ஒவ்வொரு மோட்டாருக்கும், முழு விசையைத் திறந்த நிலையில் எஞ்சின் எந்தச் சுழற்சி எல்லைக்குள் இயங்கவேண்டும் என்பதை உற்பத்தியாளர் குறித்திருப்பார். பல இருதட்டு மோட்டார்களில் அது 4,500 முதல் 5,500 வரை. நான்குதட்டு மோட்டார்கள் பலவற்றில் 5,000 முதல் 6,000 வரை. விசிறித் தேர்வின் முழு இலக்கணமும் இதில் அடங்கியுள்ளது: படகு தன் வழக்கமான பளுவுடன், முழு விசையில் செல்லும்பொழுது எஞ்சினின் சுழற்சி அவ்வெல்லைக்குள் நிற்கவேண்டும். கீழெல்லையை எட்டாவிடில் விசிறியின் புரியிடைத் தூரம் மிகுதி. மேலெல்லையைத் தாண்டினால் அது குறைவு.

புரியிடைத் தூரம் மிகுந்த விசிறியால் நேரும் தீங்கு உடனே புலப்படுவதில்லை. எஞ்சின் முழு எரிபொருளை உட்கொண்டும் வேண்டிய சுழற்சியை எட்டாமல் உழலும். கரி படியும், பிஸ்டன் சூடேறும், ஆயுள் குறையும். மோட்டார் 'பழையதாகிவிட்டது' என்று பதிவேட்டில் எழுதி ஒதுக்கப்படும் நேர்வுகளில் சிலவற்றுக்கேனும் விசிறியே காரணமாக இருக்கக்கூடும். குறைந்த விசிறியின் தீங்கோ வெளிப்படையானது. எஞ்சின் அளவு மீறிச் சுழன்று அலறும். இயக்குபவர் தாமே விசையைக் குறைத்துவிடுவார்.

புரியிடைத் தூரத்தை ஓர் அங்குலம் மாற்றினால் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை மாறும் என்பது தொழில் வழக்கில் உள்ள தோராய விதி. அங்குலத்தைக் கூட்டினால் சுழற்சி குறையும், குறைத்தால் கூடும்.

உயரத்தின் கணக்கு

பெங்களூருவுக்கு உரிய சிக்கல் இனித்தான் வருகிறது. கடல் மட்டத்தில் வளியழுத்தம் சராசரியாக 1,013 மில்லிபார். பெங்களூருவில் அது 910 அளவில்தான் உள்ளது. பத்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் காற்றின் நிறை அதற்கேற்பக் குறைகிறது. எரிக்கக்கூடிய எரிபொருளும் குறைகிறது. மேலே செல்லும் ஒவ்வோர் 1,000 அடிக்கும் எஞ்சினின் திறனில் ஏறத்தாழ 3 சதவீதம் கழியும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. சென்னைத் துறைமுகத்தில் 40 குதிரைத்திறன் தந்த மோட்டார் அல்சூர் ஏரியில் 36 அளவிலேயே தரும்.

விசிறிக்கு இந்த இழப்பு தெரியாது. நீரின் அடர்த்தி உயரத்தால் மாறுவதில்லை. கடல்நீரைவிட நன்னீர் சுமார் 2.5 சதவீதம் இலேசானது என்ற சிறு வேறுபாடு உண்டெனினும் அது இக்கணக்கைப் பெரிதும் மாற்றாது. ஆக, நீர் கேட்கும் விசை ஏறத்தாழ முன்போலவே இருக்க, எஞ்சின் தரும் விசை மட்டும் குறைகிறது. விசிறியைச் சுழற்றத் தேவையான திருப்புவிசை சுழற்சியின் இருமடியை ஒட்டி மாறுவது. எனவே திருப்புவிசையில் 10 சதவீதம் குறைந்தால் சுழற்சியில் 5 சதவீத அளவு குறையும். 5,500 சுழற்சி 5,200-ஐ ஒட்டி இறங்கும். மேற்சொன்ன தோராய விதியின்படி இது ஒன்று முதல் இரண்டு அங்குலப் புரியிடைத் தூரத்திற்குச் சமம்.

கடற்கரையில் சரியாக இருந்த விசிறி இங்கு ஓர் அங்குலமோ இரண்டங்குலமோ மிகுதியாகிவிடுகிறது என்பதே இதன் பொருள். விசிறியை மாற்றியதால் இழந்த நான்கு குதிரைத்திறன் திரும்பிவிடாது. எஞ்சியுள்ள 36-ஐயாவது முழுமையாகப் பயன்படுத்த எஞ்சினுக்கு வழி பிறக்கும். கார்புரேட்டர் உள்ள பழைய மோட்டார்களில் மற்றொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. காற்று குறைந்தும் எரிபொருள் அதே துளை வழியே வருவதால் கலவை கெட்டியாகிப் புகை மிகும். அங்கு ஜெட்டையும் மாற்றவேண்டியிருக்கும். மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் புதிய மோட்டார்கள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. அவற்றுக்கும் திறனிழப்பு உண்டு.

இது பெங்களூருவுக்கு மட்டும் உரிய செய்தியன்று. காவிரி, கிருஷ்ணா ஆகிய ஆறுகளின் மேற்படுகைகளில் வெள்ளம் வரும் ஊர்கள் பலவும் 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளவை. 2018-இல் குடகிலும் 2019-இல் பெளகாவிப் பகுதியிலும் மீட்புப் பணி நடந்தது இத்தகைய மேட்டுநிலத்தில்தான். கடலோரத்தில் சோதித்துப் பார்த்த படகைச் சாலை வழியே மேலே கொண்டுசெல்லும்பொழுது அதே லாரியில் மற்றொரு விசிறியும் செல்லவேண்டும்.

வெற்றுப் படகும் பளுவேற்றிய படகும்

உயரத்தைவிடப் பெரிய காரணி பளு. ஒத்திகை நாளன்று படகில் இருவர் மட்டுமே ஏறுவார்கள். படகு விரைந்து பாயும். பார்ப்பவர் மனநிறைவு கொள்வர். சுழற்சிமானியும் சரியான எண்ணையே காட்டும். வெள்ள நாளன்று அதே படகில் எட்டுப் பேரும் அவர்களது மூட்டைகளும் ஏறுகின்றனர். படகு நீரில் தாழ்கிறது. நீர்மேல் எழுந்து சறுக்க அதனால் இயலவில்லை. முகப்பு மேல்நோக்கி, பின்பகுதி நீரில் அழுந்த, எஞ்சின் உறுமியும் படகு நகர மறுக்கிறது. எதிரே ஓட்டமும் இருந்துவிட்டால் கதை முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எண்கள் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. முழு விசைச் சுழற்சி எல்லை 4,500 முதல் 5,500 வரை உள்ள மோட்டாரில் 12 அங்குல விசிறி மாட்டப்பட்டுள்ளது. முழுப் பளுவுடன் சுழற்சி 4,300-இல் நின்றுவிடுகிறது. பற்சக்கரக் குறைப்பு இரண்டில் ஒன்று. கணக்குப்படி வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். உண்மையில் படகு 14 கிலோமீட்டரே செல்கிறது. வழுக்கல் 64 சதவீதம். இப்பொழுது 9 அங்குல விசிறியை மாட்டுகிறார்கள். மூன்று அங்குலக் குறைவால் சுழற்சி 600 கூடி 4,900-ஐ எட்டுகிறது. கணக்கு வேகம் 34-க்குச் சற்றுக் குறைவு, முன்னதைவிடக் குறைந்ததே. ஆயினும் எஞ்சின் தன் திறனை வெளிப்படுத்தும் நிலைக்கு வந்துவிட்டதால் படகு நீர்மேல் எழுந்து, உண்மையில் 25 கிலோமீட்டர் செல்கிறது. வழுக்கல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 'சிறிய' விசிறியால் படகு விரைவது முரணாகத் தோன்றினும் திம்பம் ஏறும் லாரியை நினைத்தால் முரண் அகலும்.

ஆகவே சோதனையோட்டம் பளுவுடன் நடத்தப்படவேண்டும். மனிதரை ஏற்றவேண்டிய தேவையில்லை. ஆளுக்கு 70 கிலோ வீதம் எட்டுப் பேருக்கு 560 கிலோ. ஐம்பது கிலோ மணல் மூட்டைகள் பதினொன்று போதும். அவற்றைப் படகின் நடுப்பகுதியில் பரப்பி, எரிபொருள் தொட்டியை நிரப்பி, எஞ்சினைச் சூடேற்றிய பின்னர் திறந்த நீரில் முழு விசையில் ஓட்டவேண்டும். ஓட்டமுள்ள ஆறாயின் எதிர்த்தும் உடன்சென்றும் இருமுறை ஓட்டிச் சராசரி காண்பது முறை. சுழற்சியை அளக்க டாக்கோமீட்டர் வேண்டும். வேகத்தை அளக்க இன்று கைப்பேசியின் ஜி.பி.எஸ். வசதியே போதுமானது. காதால் கேட்டே சுழற்சியைச் சொல்லிவிடும் அனுபவசாலிகள் உண்டு. அவர்களது மதிப்பீட்டையும் கருவி கொண்டு சரிபார்ப்பதில் குற்றமில்லை.

சோதனைக்கு முன் இரண்டைக் கவனிக்கவேண்டும். மோட்டார் மிக உயரமாக மாட்டப்பட்டிருந்தால் விசிறி மேற்பரப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுழலும். புரியிடைத் தூரம் குறைவு என்ற பொய்த் தோற்றம் எழும். இலைகள் வளைந்தோ விளிம்பு சிதைந்தோ இருந்தாலும் அளவீடு பொருளற்றது. பாறையில் மோதிய அலுமினிய இலையைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது பட்டறைகளில் வழக்கம். மூன்று இலைகளும் ஒரே சாய்வுக்கு வந்துவிட்டன என்பதற்கு அதில் உறுதியில்லை.

கடற்கரை தந்த அனுபவம்

மேட்டுநிலத்து அலுவலர்களுக்குப் புதிதாகத் தோன்றும் இக்கணக்கு கடலோர மீனவருக்குப் பழகியது. 1980-களில் கேரளத்தின் நாட்டுப் படகுகளிலும் தமிழ்நாட்டின் தென்கோடிக் கரையிலும் வெளிப்பொருத்து மோட்டார்கள் விரைந்து பரவின. அரசு மானியமும் அதற்குத் துணைநின்றது. வாங்கும் செலவில் ஒரு பகுதியை மானியம் ஈடுசெய்தது. நாள்தோறும் எரியும் எண்ணெய்க்கு மீனவரே பொறுப்பு. மோட்டாரின் விலையைவிட எரிபொருட் செலவே குடும்பத்தின் வரவைத் தின்னும் என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொண்டனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றி 1980-களிலேயே விளக்க ஏடு வெளியிட்டது. வேகத்தைச் சிறிது குறைத்தால் எரிபொருள் பெரிதும் மிஞ்சும் என்பது அத்துறை வல்லுநரின் முதன்மையான அறிவுரை. விசிறி கேட்கும் திறன் சுழற்சியின் மும்மடியை ஒட்டி மாறுவதால், சுழற்சியைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே திறன் தேவை கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும். 40 குதிரைத்திறன் மோட்டார் முழு விசையில் மணிக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் எரிப்பது என்பதை நோக்கினால் இதன் பொருளாதாரம் விளங்கும்.

ஆனால் இந்தச் சிக்கனம் சரியான விசிறி உள்ள படகுக்கே உரியது. புரியிடைத் தூரம் மிகுந்த விசிறியால் எஞ்சின் திணறிச் சுழற்சி குறைவதும், இயக்குபவர் தாமே விசையைக் குறைப்பதால் சுழற்சி குறைவதும் ஒன்றல்ல. முன்னதில் எரிபொருள் வீணாகிறது, பின்னதில் மிஞ்சுகிறது.

2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளம் சூழ்ந்தபொழுது மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து மக்களை மீட்டனர். அப்படகுகள் வலையும் மீனும் ஆட்களுமாகப் பெரும் பளு இழுத்துப் பழகியவை. உல்லாசப் படகுக்கும் விரைவுப் படகுக்கும் ஏற்ற விசிறியோடு அலமாரியில் காத்திருக்கும் அலுவலகப் படகு அந்த வேலைக்கு நிகராக நிற்பது கடினம்.

கொள்முதலில் சேர்க்கவேண்டியவை

ஒப்பந்தப்புள்ளி விவரக்குறிப்பில் குதிரைத்திறன், தட்டு முறை, எடை, உத்தரவாதக் காலம் ஆகியவை இடம்பெறுகின்றன; விசிறி 'மோட்டாருடன்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. விற்பனையாளர் தமது கிடங்கில் உள்ள பொதுவிசிறியைத் தருகிறார். அவரைக் குறைகூற இயலாது. கேட்காததை அவர் தரவேண்டியதில்லை. பயன்படுத்தப்படும் இடத்தின் உயரம், ஏறும் ஆட்களின் எண்ணிக்கை, முழுப் பளுவில் எட்டவேண்டிய சுழற்சி எல்லை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, அதற்கேற்ற விசிறியைச் சோதனையோட்டத்தில் மெய்ப்பித்து ஒப்படைக்கவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும். மோட்டாரின் விலையோடு ஒப்பிட அலுமினிய விசிறியின் விலை சிறு பகுதியே. ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு விசிறிகள், ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று அங்குல வேறுபாட்டில், வாங்குவது வீண் செலவாகக் கருதப்படலாகாது. தணிக்கைக் குறிப்பு வருமென்று அஞ்சி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் போக்கு, பெருஞ்செலவைப் பயனற்றதாக்கும் சிறுசிக்கனத்திற்கு எடுத்துக்காட்டாகிவிடும்.

விசிறியே உதவாத இடங்களும் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. இடுப்பளவு நீர், நீரடியில் மூழ்கிய கார், கம்பிவேலி, மிதக்கும் குப்பை நிறைந்த நகரத் தெருவில் எந்தப் புரியிடைத் தூரமும் பயன்படாது. அங்கு துடுப்பும் கயிறும் நீரில் இறங்கித் தள்ளும் ஆட்களுமே வேலை செய்வர். மோட்டார் தேவைப்படுவது ஏரி உடைந்து பரந்த நீரிலும், ஆற்றோட்டம் ஊருக்குள் பாயும் இடத்திலும்.

விசிறியை மாற்றும் வேலை எளிது. மறையைக் கழற்றி, பழையதை உருவி, தண்டுக்குக் கிரீஸ் தடவி, புதியதைச் செருகி, மறையைப் பூட்டிப் பிளவூசியை மடக்கவேண்டும். பயிற்சி பெற்ற இருவருக்குக் கால்மணி நேரம் மிகுதி. மாற்று விசிறியும் மறைக்குரிய திருகியும் இரண்டு உபரிப் பிளவூசிகளும் அலுவலகக் கிடங்கில் இருப்பதற்கு மாறாகப் படகின் கருவிப் பெட்டியிலேயே இருக்கவேண்டும். எந்த விசிறியில் எவ்வளவு பளுவுடன் எத்தனை சுழற்சி கிடைத்தது என்ற சோதனை முடிவு, நாளுடன், படகின் பின்பலகையில் வண்ணத்தால் எழுதப்படலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மே மாத இறுதியில் ஒருமுறை, பதினொரு மணல் மூட்டைகளுடன் சோதித்து, அந்த எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.